பீரோவுக்குள் பூட்டிய சிக்னல்

பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம். மூத்த உறுப்பினர்களைப் பற்றி அவரவர் வீட்டிலிருந்து யாராவது ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். என் மாமனாரைப் பற்றி எழுத என் கணவருக்கு நேரமில்லை, அதாவது தைரியமில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். நேர்மையானவர், சிக்கனமானவர், தன் பொறுப்பில் இருந்த ஒரு திருகாணியைக் கூடக் காணாமல் போகவிட்டதில்லை என்று மூன்று பத்திகள். அத்தனையும் உண்மை. அந்தப் பக்கத்தில் இடம் போதாமல் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

அவர் டிப்போவின் உதிரிபாக ஸ்டோர் கீப்பர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அதே அறை, அதே நாற்காலி. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. இடுப்பு உயரத்தில் வைத்த சின்ன ஜன்னல். மெக்கானிக்குகள் எதைக் கேட்டாலும் அதன் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டும். உள்ளே அவர் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு அது சரியான உயரம். ஜன்னலைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கலாமே என்று ஒரு அதிகாரி சொன்னபோது, "குனிஞ்சு கேட்டாதான் தேவையானதை மட்டும் கேப்பான்" என்றாராம். இதை அவரே பெருமையாக என்னிடம் சொன்னார்.

பல்பு வேண்டுமா, பழைய பல்பைக் கொண்டா. பேரிங் வேண்டுமா, தேய்ந்த பேரிங்கைக் கொண்டா. பழசைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் பதில் "ஸ்டாக் இல்லை" என்பதுதான். அலமாரி நிறைய பொருள் இருக்கும், கேட்பவனுக்குத் தெரியும், அவன் கண்ணுக்கே தெரியும், ஆனாலும் ஸ்டாக் இல்லை. டிப்போவில் அவருக்கு அதுதான் பெயர். "ஸ்டாக்கில்லை வர்றாரு" என்று சொன்னால் கேன்டீனில் சிரிப்பு அடங்குமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரிக்கு நான் மருமகளாகப் போய்ச் சேர்ந்தேன்.

வீடு அவர் கட்டியது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் பாத்திரம் நீட்டுவதற்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார். எந்த உயரத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். புதுச் சோப்பு வேண்டுமானால் பழைய சோப்பின் சில்லைக் காட்ட வேண்டும். கல்யாணமான புதிதில், வழித்தெடுத்த பற்பசைக் குழாயை நான் குப்பையில் போட்டுவிட்டேன். அதைத் தேடி எடுத்து வரும் வரை புதுக்குழாய் கிடைக்கவில்லை. குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றபோது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எல்லாமே அவர் அறையில் இருக்கும் இரும்பு பீரோவில் இருந்தன. கனத்த பீரோ, அறையையும் கூடத்தையும் பிரிக்கும் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். சாவி அவர் இடுப்புப் பட்டையில் தொங்கும். அவர் நடந்து வருவது அந்தச் சத்தத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு வகையில் அது எனக்கு உதவியாக இருந்தது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளோடு வளர்ந்ததால் எனக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் கைமொழி வந்துவிட்டது. மருத்துவமனைகளுக்கு வீடியோவில் மொழிபெயர்த்துத் தரும் ஒரு நிறுவனத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காது கேளாத ஒருவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். மேசையில் ஒரு திரை இருக்கும், திரையில் நான் இருப்பேன். டாக்டர் வாயால் சொல்வதை நான் கையால் சொல்ல வேண்டும், நோயாளி கையால் கேட்பதை நான் வாயால் கேட்க வேண்டும். கை மட்டும் போதாது. நெற்றி, புருவம், உதடு எல்லாம் பேச வேண்டும். படம் ஒரு நொடி நின்றாலும் பாதிப் பேச்சு போய்விடும். முதலில் தற்காலிக வேலைதான், சரியாகச் செய்தால் நிரந்தரம் என்றார்கள். எனக்கென்று வாய்த்த ஒரே வேலை அது. அதைவிட்டால் மறுபடியும் சோப்புச் சில்லோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வீட்டில் இணைய இணைப்பு ஏற்கெனவே இருந்தது. வேறு தேசத்துக்குக் குடிபோன என் நாத்தனார், வாரம் ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. கேபிள்காரர் வந்து கம்பி இழுத்து, ரவுட்டரைக் கையில் எடுத்து, "எங்க சார் வெக்கணும்?" என்று கேட்டார். வீட்டில் விலை உயர்ந்த பொருள் எங்கே இருக்க வேண்டும்? மாமனார் பீரோவைத் திறந்தார். பின்பக்கத் தகட்டில் ஓட்டை போட வைத்து, கம்பியை உள்ளே விட்டு, மேல் தட்டில் ரவுட்டரை வைத்து, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். கேபிள்காரர் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார். நாத்தனார் அழைக்கும்போது மட்டும் கதவு விரியத் திறக்கும். மகளோடு பேசி முடித்ததும் பூட்டு.

சிக்னலையும் அவர் சரக்கு என்றே நினைத்தார். நிறையப் பேர் எடுத்தால் தீர்ந்துவிடும், திறந்து வைத்தால் சிந்திவிடும், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். இரும்புக்குள் வைத்தால் அது வெளியே வராது என்று நான் சொன்னேன்.

"வெளிய வரக் கூடாதுன்னுதானேம்மா உள்ள வெச்சிருக்கேன்" என்றார்.



போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். எங்கள் படுக்கையறையில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. நடுவில் பீரோ, அதற்கடுத்துக் கண்ணாடி பதித்த அலமாரி. கூடத்தில் ஒரு கோடு வரும், போகும். சமையலறையில் பாத்திர அடுக்கைத் தாண்டினால் அதுவும் இல்லை. குளியலறை வாசலில் மட்டும் இரண்டு கோடு தெரிந்தது. பீரோவின் பின்பக்க ஓட்டைக்கு நேராகச் சுவரில் இருந்த வெளிச்ச ஜன்னல் வழியாக ஏதோ கசிந்து வந்திருக்க வேண்டும். ஆக, என் அலுவலகம் குளியலறை வாசல் என்று ஆனது. பின்னால் நீலப் போர்வையைத் தொங்கவிட்டேன். டாக்டர்களுக்கு அது சுவர், எனக்கு அதன் பின்னால் சொட்டும் குழாய். நான் யாருடைய நெஞ்சுவலியையோ கையால் விளக்கிக்கொண்டிருக்கும்போது மாமனார் தோளில் துண்டோடு வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். அவருக்குக் குளியல் அந்த நேரத்தில்தான் வரும்.

தனி இணைப்பு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "ஒரு வீட்டுக்கு ஒரு கம்பி. என் செவுத்துல இன்னொரு ஓட்டை விழாது" என்றார். கைப்பேசி இணைப்பில் செய்யலாம் என்றால், எங்கள் தெருவில் அது நொண்டி. தனிக்குடித்தனம் என்று நான் வாயெடுத்தால் என் கணவருக்கு உடனே தூக்கம் வந்துவிடும்.

கணவரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "அப்பாகிட்ட நான் பக்குவமா பேசறேன்" என்பார். அவர் பக்குவமாகப் பேசியதில் இரண்டு பலன் கிடைத்தது. ஒன்று, மாமனார் வீட்டில் இருக்கும்போது பீரோ கதவை ஒரு சாண் திறந்து வைக்கச் சம்மதித்தார். பூட்டியிருந்தால் அந்த இரண்டு கோட்டில் படம் நின்று நின்றுதான் வரும், திறந்தால் ஓடும். வெளியே போனால் பூட்டுவார், ஏனென்றால் ஸ்டோர் கீப்பர் போனால் ஸ்டோர் மூடித்தான் இருக்கும். இரண்டாவது, ரிப்பீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வாங்க அனுமதி கிடைத்தது. சிக்னலை வாங்கி அடுத்த அறைக்குத் தள்ளிவிடும் பெட்டி, ரவுட்டருக்கும் என் இடத்துக்கும் நடுவில் செருக வேண்டும். வந்த அன்றே மாமனார் அதை வாங்கிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், கொண்டுபோய்ப் பீரோவுக்குள் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே செருகிப் பூட்டிவிட்டார்.

"ஒரே வகைச் சாமான் ஒரே தட்டுல இருக்கணும்" என்றார். "அப்பதான் எது எங்க இருக்குன்னு தெரியும்."

எங்கே இருக்கிறது என்று நன்றாகத்தான் தெரிந்தது. வைக்கோல்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. அவரை நாய் என்று சொல்லவில்லை. வைக்கோல்போரை மட்டும்தான் சொல்கிறேன்.

அவர் மாலையில்தான் வெளியே போவார். அதை நம்பி என் வேலையை முற்பகலில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், முற்பகலில் முடிவெட்டக் கிளம்பிவிட்டார். எனக்குத் தெரியாது. அப்போது திரையில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். மார்பில் கட்டி, பரிசோதனை முடிவு வந்திருந்தது. டாக்டர் தாளைப் புரட்டினார். அந்தப் பெண் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர், "கவலைப்பட வேண்டிய கட்டி இல்லை" என்று சொல்லத் தொடங்கினார். "கவலை" என்று காட்ட நான் நெற்றியைச் சுருக்கினேன். படம் நின்றது. அறையிலிருந்து சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. வாசல் கதவு சாத்திக்கொண்டது.

நான் போனை ஆட்டினேன், தூக்கிப் பிடித்தேன், குளியலறைக்குள் ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் மேலாளர் அம்மா கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அங்கே நடந்தது தெரிந்தது. அந்தத் திரையில் என் சுருங்கிய நெற்றி அப்படியே நின்றிருக்கிறது. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டாள். மேசையில் தலையைச் சாய்த்து அழத் தொடங்கியவளை நிமிர்த்த முடியவில்லை. நிமிராதவளுக்கு எழுதிக் காட்டுவது எப்படி? வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, அவளைத் தேற்றி, நல்ல செய்தியைச் சொல்வதற்குள் அவள் மனத்தில் செத்துப் பிழைத்துவிட்டாள்.

"உங்க கை நல்லா பேசுதும்மா, அதுல குறை சொல்ல மாட்டேன்" என்றார் மேலாளர். "ஆனா இன்னொரு தடவை அறுந்துச்சுன்னா நான் வேற ஆளைப் போட்டுக்குவேன். நாளைக்கு ஒரு ஆபரேஷனுக்கு முந்தின பேச்சு இருக்கு. அதுதான் கடைசி வாய்ப்பு."

மாமனார் புதிதாக வெட்டிய முடியோடு திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுத பெண்ணைப் பற்றிச் சொன்னேன், வேலை போகும் என்று சொன்னேன். நான் அவரிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அதை எடுத்துக் கூடத்துல வெக்கறேன். வேலை முடிஞ்சதும் நானே கொண்டாந்து உங்க கையில குடுத்துடறேன்."

"நாளைக்கு எனக்குச் சங்கத்துல கூட்டம். நான் இல்லாதப்ப பொருள் வெளிய இருக்கக் கூடாது."

"அப்ப சாவியையாவது குடுங்க."

அவர் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்ற மெக்கானிக்குகள் பார்த்த சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். "சாவியைக் குடுக்கறதா?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் மாமனார் தலை தெருமுனையில் மறைந்ததும், கடைத்தெருவிலிருந்து சாவி செய்பவரைக் கூட்டி வந்தேன். அவர் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டு பீரோதானேம்மா?"

"என் வீட்டு பீரோதான்" என்றேன். எனக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

வளைந்த கம்பியை விட்டு இரண்டு திருகு திருகினார். திறந்துகொண்டது. அத்தனை வருஷம் அத்தனை பேரை நிற்க வைத்த பூட்டு அவ்வளவுதான்.

மேல் தட்டில் ரவுட்டரும் ரிப்பீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. கீழே சோப்புகள், பற்பசைகள், பல்புகள். அதற்கும் கீழே, என் கல்யாணத்துக்கு என் அம்மா வாங்கிக் கொடுத்த மிக்ஸி, பிரிக்காத அட்டைப் பெட்டியோடு. சமையலறையில் நான் கல்லில் அரைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் எல்லாம் அது இங்கே உட்கார்ந்திருந்தது. அடித்தட்டில் ஒரு போர்வை, கடைக்காரன் ஒட்டிய சீட்டு ஒட்டியபடியே இருந்தது. தடிமனான, மெத்தென்ற, பச்சை நிறக் கம்பளிப் போர்வை.

எனக்கு அந்தப் போர்வை தெரியும். நாத்தனார் அம்மாவுக்கென்று அனுப்பியது. என் மாமியார் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது குளிரில் நடுங்கிக்கொண்டே அதைத்தான் கேட்டார். "அந்தப் பச்சைப் போர்வை வந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "இருக்கறது கிழியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் மாமனார். இருந்த போர்வையில் ஓட்டை இருந்தது, ஆனால் அவர் கணக்கில் அது கிழிசல் இல்லை. மாமியார் அந்த ஓட்டைப் போர்வையோடுதான் போனார். அது எனக்கு மறந்தே போயிருந்தது. பீரோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரை நான் வெறுக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்ததும் எழுந்தேன்.

ரவுட்டரை எடுத்தேன். பின்பக்க ஓட்டையிலிருந்து கம்பியை உருவி, கூடத்துக்குக் கொண்டுவந்து, புத்தக அலமாரியின் உச்சியில் வைத்தேன். கண்ணாடியும் தகரமும் பக்கத்தில் இல்லாத, வீட்டின் நடுவான இடம். ரிப்பீட்டரை எங்கள் படுக்கையறை வாசலில் செருகினேன். போனைப் பார்த்தேன், எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. இவ்வளவு சின்ன வேலைக்காகவா இத்தனை நாள் குளியலறை வாசலில் கிடந்தேன்?

கூடத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆபரேஷனுக்கு முந்தின பேச்சை நடத்தி முடித்தேன். ஒரு தடவை கூடப் படம் நிற்கவில்லை. பயந்துபோயிருந்த ஒரு முதியவர் எத்தனையோ கேள்வி கேட்டார், அத்தனைக்கும் பதில் கிடைத்தது. கடைசியில் திரையைப் பார்த்து எனக்கு நன்றி சொன்னார். மேலாளர் கூப்பிட்டு, கூடத்திலிருந்தே வேலை செய்யுங்கள், கதவு மட்டும் சாத்தியிருக்க வேண்டும், நோயாளிகள் பேச்சு வெளியே போகக் கூடாது என்றார். வேலை எனக்கு நிரந்தரமானது.

மாமனார் வந்தார். பீரோவைப் பார்த்தார். பிறகு அலமாரி உச்சியைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கல."

"பூட்டை ஒடைச்சியா?"

"ஒடைக்கல. தொறந்தேன். அந்தப் பச்சைப் போர்வையையும் பார்த்தேன் மாமா."

அவர் தன் அறைக்குப் போய்ப் பீரோ கதவைச் சாத்தினார். அதன் பிறகு அவர் ரவுட்டரைத் தொடவில்லை. போர்வையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. என் கணவர் மட்டும், "எல்லாம் பக்குவமா முடிஞ்சுது" என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் அழைக்கும் நேரம் எங்களுக்கு முற்பகல். அந்த வாரம் மாமனார் தன் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூடத்துக்கும் அவருக்கும் நடுவில் இப்போது அவருடைய பீரோ நின்றது. பீரோவை நகர்த்திவிடலாம் என்றார் கணவர். "அது இருந்த எடத்துலதான் இருக்கும்" என்று மாமனார் சொல்லிவிட்டார். பிறகு கூடத்துக் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம் உள்ள வந்து உக்காந்துக்கட்டுமா? அவ கூப்பிடற நேரம்."

"மத்தவங்க நோய்நொடி பேசற எடம் மாமா. ஆள் இருக்கக் கூடாது" என்றேன். அது உண்மைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கூடத்துல எடம் ஸ்டாக் இல்லை" என்றேன்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் மகளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் நான் ஒரு பேச்சை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து பாத்திரம் நீட்டும் ஜன்னலின் கதவு மெல்லத் திறந்தது. முதலில் ஒரு கை வந்தது, கையில் போன். அப்புறம் நரைத்த தலை வந்தது. அந்த இடத்தில்தான் அவருக்குச் சிக்னல் எட்டியது. இடுப்பு உயர ஜன்னல். சிக்னலும் வேண்டும், மகளுக்கு முகமும் தெரிய வேண்டும் என்றால் குனிந்தே ஆக வேண்டும். குனிந்தார். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா! போன வாரம் ஏன் எடுக்கல? ஏன் இப்படிக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க? உக்காந்து பேசக் கூடாதா?"

"ஒண்ணுமில்லம்மா. இங்கதான் நல்லா கெடைக்குது."

என்னைப் பற்றி மகளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேரக்குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறதாம், அவள் காட்டினாள். பார்ப்பதற்காக இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

எனக்கு அடுத்த அழைப்பு வர இன்னும் நேரம் இருந்தது. கதவு நாற்காலியிலிருந்து கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தது. தாழ்ப்பாளை விலக்கி, "உள்ள வந்து உக்காருங்க மாமா" என்று சொன்னால் போதும். அந்தப் பச்சைப் போர்வையை நினைத்துக்கொண்டேன். தாழ்ப்பாளை விலக்கவில்லை.